கடைசி வட்டம்

“சுத்தியலைக் கீழ வைங்க தம்பி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்.”

“பேசறதுக்கா வந்தேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னொண்ணு எங்க?”

“எந்த இன்னொண்ணு?”

தம்பி சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் குழித்து அவர் கன்னத்தில் ஒன்று விட்டான். குழித்த கை என்பதால் சத்தம் ‘டப்’பென்று வந்தது, ஊதிய காகிதப் பை வெடித்ததுபோல. மோப்பத்தின் கண்ணாடி பறந்துபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தது.

மோப்பம் என்பது கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். பழைய இசைத்தட்டு விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும், தட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் உறைக்குள் மூக்கை விடுவார். ஈரச் சுவரோரம் கிடந்ததா, சிகரெட் பிடிக்கிறவர் வீட்டில் இருந்ததா என்று சொல்லிவிடுவார். பிறகு அதைத் தன் வலைப்பூவில் எழுதுவார். எந்தத் தட்டு எத்தனை பிரதி மிச்சம், யார் வீட்டில் என்று அவர் எழுதிவிட்டால் சேகரிப்பவர்களுக்கு அது கல்வெட்டு.

ஆனால் கடைசியாக அவர் எழுதவில்லை, ஒரு காணொளி போட்டிருந்தார். சமையலறைத் தொட்டியின் விளிம்பில் ஒரு சின்னத் தட்டை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி உடைக்கிறார். கீழே ஒரே வரி: ‘உலகத்தில் இரண்டு இருந்தன. இனி ஒன்று, என்னிடம்.’ பாதிப் பேர் அவரைத் திட்டியிருந்தார்கள். மீதிப் பேர் வணக்கம் போட்டிருந்தார்கள்.

உடைந்த அந்தத் தட்டு, தம்பியும் அவன் அக்காவும் நடத்தும் கடையிலிருந்து போனது.

“நான் திருடலையே. நீங்கதான வித்தீங்க?” மோப்பம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “உடைக்கத்தான் வாங்கறேன்னு சொன்னேன். ‘அப்படின்னா இன்னும் கொறைச்சே தரேன் சார்’னு சிரிச்சீங்களே, மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது.

தட்டின் உறையில் இருந்தது அவர்கள் அப்பாவின் முகம். கோட்டுப் போட்டு, ஒலிவாங்கியை ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். ஹோட்டல்களில் பாடுகிறவராக இருந்து ஒரே ஒரு தட்டுப் போட்டார். கிடங்கு தீப்பிடித்ததில், அச்சானவற்றில் ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும் உருகிப்போயின. அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. பெல்ட்தான் பாடியது. அவர் செத்த அன்று தம்பி அழவில்லை. பெல்ட்டை மட்டும் எடுத்து அடுப்பில் போட்டான். தோல் கருகும் நாற்றத்தில் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினார்கள்.

யாரோ காலி செய்த வீட்டின் பெட்டிக்குள்ளிருந்து அந்த முகம் கடைக்கு வந்து சேர்ந்தபோது அக்காதான் முதலில் பார்த்தாள். மழையில் ஆள் வராத மதியம். பின்னறையில் இருந்த, பெட்டிபோல் மூடித் தூக்கிக்கொள்ளும் பழைய சூட்கேஸ் பிளேயரில் போட்டாள். இரண்டாவது பக்கம் முடிந்து ஊசி கடைசி வட்டத்துக்கு வந்தது. தட்டின் விளிம்பிலிருந்து உள்ளே சுழன்று வரும் கோடு, முடிவில் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும் இடம் அது. சாதாரணமாக அங்கே ஒன்றும் இருக்காது, ஆள் வந்து தூக்கும்வரை ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒலியைத் தட்டில் கோடாக வெட்டுபவருக்கு ஒரு குறும்பு உண்டு. ஒலிப்பதிவு அறையில் சிந்திய பேச்சுத் துண்டு ஏதாவது கிடைத்தால் அந்த வட்டத்தில் வைத்துவிடுவார்.

“இன்னொரு தடவ பாடட்டா?” என்றது ஒரு பெண் குரல். பிறகு ஒரு ‘டப்.’ மறுபடி, “இன்னொரு தடவ பாடட்டா?”

அம்மா. அப்பாவுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிய அம்மா. தம்பி தவழ்கிற வயதில் மாடிப்படியில் விழுந்து செத்துப்போன அம்மா. விழுந்தாள் என்று அப்பா சொன்னார். ஊரும் சரி என்று தலையாட்டியது.

அந்த ‘டப்’ கீறலாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். மென்மையான பிரஷ்ஷை வைத்துக் கழுவிப் பார்த்தாள். போகவில்லை. போகட்டும், குரல் இருக்கிறதே. தம்பிக்கு அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அவனுக்குக் கேட்கக் கொடுக்கவேண்டும், ஆனால் அப்பாவின் முகத்தைத் தாண்டித்தான் அவன் அங்கே போகமுடியும். அவன் கோபமில்லாமல் இருக்கும் ஒரு நாளுக்காகத் தட்டை ஒளித்துவைத்துக் காத்திருந்தாள். அப்படிப்பட்ட நாள் வருவதற்குள் அவள் ஒரு வீட்டுக்குத் தட்டு வாங்கப் போக, அவன் அதைக் கண்டெடுத்துவிட்டான். எதிரில் மோப்பம் நின்றுகொண்டிருந்தார்.

இன்று காலை காணொளியைப் பார்த்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். தம்பி அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டான். “அம்மா குரலா?” என்று ஒரு தடவை கேட்டான். பிறகு மரப்பெட்டி பிரிக்கிற சுத்தியலை எடுத்துக்கொண்டு மோப்பத்தின் வீட்டுக்குக் கிளம்பினான்.

“கடைசியா கேக்கறேன். எங்க?”

“சொல்லமாட்டேன். நீங்க உடைச்சுடுவீங்க.”

“உடைக்கறதப் பத்தி நீ பேசறியா?”

அந்த அறையில் சன்னலே இல்லை. நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை தட்டுகள் நெட்டுக்குத்தாக நின்றன. தம்பி ஓர் அடுக்கின் நடுவில் சுத்தியலை இறக்கினான். எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம், உள்ளிருந்து கறுப்புச் சில்லுகள் தெறித்தன. மோப்பம் அலறினார். அடுத்த அடுக்கு. அதற்கடுத்தது. கையில் வந்ததை முழங்காலில் வைத்து முறித்தான், உறையோடு கிழித்தான்.

“யோவ், பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்பவாவது இப்படிக் கத்தினியா?”

“அவ போறப்ப எதையும் உடைக்கலையே!”

சொல்லிக்கொண்டே மோப்பம் தரையிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கிக்கொண்டு பாய்ந்தார். யாரும் எதிர்பார்க்காத பாய்ச்சல், வீட்டுப் பூனை பாய்வதுபோல. சில்லு தம்பியின் வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்தது. இரத்தம் உறைகளின்மேல் சொட்டியது. தம்பி தன் நெற்றியாலேயே அவர் மூக்கில் மோதினான். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. அவரைத் தரையில் தள்ளி, மார்பின்மேல் முழங்காலை வைத்து, தலையைப் பக்கவாட்டில் அழுத்தினான். சுத்தியலின் குளிர்ந்த முகத்தைக் காதின்மேல் வைத்தான்.

“மூக்கு போச்சு. காதும் போச்சுன்னா இதையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, நக்குவியா?”

“டேய்! காதை விடு!”

அக்கா வாசலில் நின்றாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் சூட்கேஸ் பிளேயர்.

“நீ போக்கா.”

“அந்தாளக் கொன்னுட்டுத் தட்ட எங்க தேடுவ? எழுந்திரு. எழுந்திருன்னு சொல்றேன்ல.”

தம்பி எழுந்திருக்கவில்லை. முழங்காலை மட்டும் கொஞ்சம் தளர்த்தினான். அக்கா சில்லுகளை மிதிக்காமல் வந்து, மோப்பத்தின் தலைமாட்டில் குந்தினாள்.

“சார், எங்களுக்குத் தட்டு வேணாம். நீங்களே வச்சுக்குங்க. ஒரே ஒரு தடவ கடைசிப் பகுதிய மட்டும் கேக்கணும். எங்கம்மா குரல் அதுல இருக்கு.”

“கடைசியில ஒண்ணும் இல்ல மேடம்.” வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். “எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். பாட்டு முடியும். அவ்வளவுதான்.”

அக்கா மேசையிலிருந்த அவருடைய பிளேயரைப் பார்த்தாள். விலை உயர்ந்தது, கண்ணாடிபோல் துடைத்துவைத்தது.

“உங்க மிஷின்ல பாட்டு முடிஞ்சதும் ஊசிக் கை தானா மேல போயிடும்ல?”

“ஆமா.”

“அதான். கடைசி வட்டத்துக்கு அது போகவே போகாது. நீங்க எத்தனை தடவ கேட்டாலும் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கீங்க.”

மோப்பம் கூரையைப் பார்த்தார். அடிபட்டபோதெல்லாம் வராத ஒரு வலி அப்போது முகத்தில் வந்தது. தன்னிடம் இருந்தும் தான் கேட்காத ஒன்று. அந்த நோயை வைத்து எதையும் வாங்கிவிடலாம் என்று அக்காவுக்குத் தெரியும், அவள் கடை நடப்பதே அதனால்தான்.

“அவளோட பீரோ,” என்றார். “பக்கத்து ரூம்ல.”

மனைவி காலி செய்துவிட்டுப் போன பீரோவுக்குள் துணி எதுவும் இல்லை. நடு அடுக்கில் அப்பா மட்டும் ஒலிவாங்கியோடு நின்றார். அக்கா உறையைக் கவிழ்த்துப் பிடித்துக் கொண்டுவந்து, தம்பி பார்க்காதபடி சுவர் பக்கம் திருப்பிவைத்தாள். சூட்கேஸைத் திறந்தாள்.

“அதுலயா?” மோப்பம் எழ முயன்றார். “அந்த ஊசி உழுதுடும் மேடம்! மாட்டு வண்டில பொண்ணழைச்சிட்டுப் போற மாதிரி...”

“மூடு,” என்றான் தம்பி. மூடிக்கொண்டார்.

அவள் ஊசியைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கினாள். சரசரப்பு. பிறகு அப்பா வந்தார். பெல்ட்டை உருவும் முன் பேசுவாரே, அதே நிதானமான, வெண்ணெய் தடவிய குரல். சுத்தியல் தானாக மேலே ஏறியது.

“பொறுடா. இன்னும் ஒரு வரி. முடிஞ்சிடும்.”

முடிந்தது. வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறையை விட்டுப் போயின. ஊசி உள்ளே நகர்ந்தது, வட்டத்தில் விழுந்தது.

“இன்னொரு தடவ பாடட்டா?”

டப்.

“இன்னொரு தடவ பாடட்டா?”

டப்.

சுத்தியல் கீழே இறங்கியது. தம்பி பிளேயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கொதிக்கும் பாத்திரத்தைப் பார்க்கிறவன்போல முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டே கேட்டான்.

“இதுவாக்கா?”

“இதுதான்டா.”

“என்னைவிடச் சின்னவளா இருக்கா.” அவனுக்குச் சிரிப்பு வந்தது, உதடு அதைத் தாங்கமுடியாமல் கோணியது. “தங்கச்சி மாதிரி இருக்கா.”

டப்.

“அந்த ‘டப்’ப விடு, அது கீறல். நம்ம தட்டுலயும் இதே மாதிரிதான்...” அக்கா நிறுத்தினாள்.

தரையில் கிடந்த மோப்பம் தலையைத் திருப்பி ஒரு காதை மேலே உயர்த்தியிருந்தார். அவருக்கு மூக்கு ஒழுகுவதோ அறை நாசமானதோ நினைவிலேயே இல்லை.

“உங்க தட்டுலயும் இருந்துச்சா? இதே எடத்துலயா?”

“ஆமா.”

“அப்ப அது கீறல் இல்ல மேடம். ரெண்டு தட்டுல ஒரே எடத்துல கீறல் விழாது. இதுல ஒரு கீறல் கிடையாது, நான் விழவிட்டதில்ல. அது அந்த அறையில கேட்ட சத்தம். அப்படியே வெட்டிட்டாங்க.” கண்ணை மூடிக்கொண்டார். வலைப்பூவில் எழுதும்போது இப்படித்தான் மூடிக்கொள்வார்போலும். “கைதட்டல் இல்ல. கைதட்டல் ரெண்டு கை. இது ஒரு கைதான். தோல் மேல. குழிச்ச கை...”

டப்.

அவருடைய விரல்கள் தாமாகத் தன் கன்னத்துக்குப் போயின. கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வஞ்சம் இல்லை, ஒரு தட்டை அடையாளம் கண்டுகொண்டவரின் திகைப்பு மட்டும் இருந்தது.

“இத இப்பத்தான் கேட்டேன்,” என்றார் மெதுவாக. “இந்த ரூம்லயே.”

பெட்டிக்குள் அம்மா கேட்டாள். அடி விழுந்தது. மறுபடி கேட்டாள், அதே ஆசையோடு, சற்று முன் எதுவும் நடக்காததுபோல.

தம்பி தன் வலது கையைப் பார்த்தான். நடுவில் கிழிந்து, இரத்தம் காயாமல், விரல்கள் இன்னும் லேசாகக் குழிந்தே இருந்தன. விரித்துப் பார்த்தான். அது மறுபடி குழிந்தது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டான்.

அக்காவின் விரல் ஊசிக் கைக்கு மேலே நின்றது. தூக்கினால் அம்மா போய்விடுவாள். இந்த மொட்டை ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கொஞ்சம் சீவிக்கொண்டிருந்தது. இதைவிட்டால் வேறு பிரதி இல்லை.

“இன்னொரு தடவ பாடட்டா?”

“அக்கா,” என்றான் தம்பி. தவழ்கிற வயதிலிருந்து எழுந்து வந்ததுபோல இருந்தது குரல். “நிறுத்துக்கா. அடுத்தது விழறதுக்குள்ள நிறுத்து.”