பழைய துளைகளின் வழியே

"புது ஓட்டை போடாதே. பழைய ஓட்டை வழியாவே போ" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

ஊசி இறங்கும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. அவள் ஊசியைப் பின்னுக்கு இழுத்து, டயரின் அடித்துணியில் ஏற்கெனவே இருந்த துளைக்குள் விட்டாள்.

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜன்னல் திரை தைக்கிறவ நான். எனக்கே பாடமா?"

"திரை கிழிஞ்சா வெயில் வரும். இது கிழிஞ்சா என் தம்பிக்குப் பல்லு போகும்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே இப்படி ஓய்வு தேவைப்பட்டது.

டயரின் ஒரு பாதி அவள் மடியில் கிடந்தது. மறுபாதி அவருடைய போர்வை மேல். சாதாரண சைக்கிள் டயர் இல்லை அது. ட்யூபை உள்ளே வைத்து, சுற்றிலும் துணியால் மூடித் தைத்து, சக்கரத்தில் பசை போட்டு ஒட்டுகிற பழைய பந்தய டயர். இளவயதில் வாங்கியது. டயர் இருட்டில் கிடந்து பழசானால்தான் ரப்பர் பக்குவப்படும் என்பது அவர் கட்சி. அதனால் அலமாரிக்குள் ஆணியடித்து மாட்டிவிட்டார். வீட்டில் துணி வைக்க இடமில்லை, டயருக்குத் தனி அறையா என்று கல்யாணமான புதிதில் அவள் சண்டை போட்டிருக்கிறாள். அவர் மசியவில்லை. நல்ல பந்தயத்துக்கு எடுக்கலாம், நல்ல பந்தயத்துக்கு எடுக்கலாம் என்றே வருடங்கள் போயின. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தது. பந்தயம் நின்றது. டயர் ஒருநாளும் தரையைத் தொடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள்களுக்கென்றே ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்கள். மலைச்சாலை. இவருடைய சைக்கிளில் தம்பி ஓட்டப்போகிறார். பின்சக்கரத்துக்கு வேறு டயர் இருக்கிறது, முன்சக்கரத்தில் இதுதான் ஓட வேண்டும் என்று அவர் ஒரே பிடிவாதம். பிரித்துப் பார்த்தால் டயர் நன்றாகவே இருந்தது. உள்ளே ட்யூப் மட்டும் பிசுபிசுத்துப் போயிருந்தது. புது ட்யூப் வைத்து, அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ட்யூப்ல மட்டும் ஊசி படாம பாத்துக்கோ."

"படல."

அவள் தைக்கத் தைக்க, அவர் தன் பக்கத்திலிருந்து டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொடுத்தார். பேச்சு நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். கடைசித் தையலுக்கு டயரை இழுத்தபோது அது வரவில்லை. அவர் கை அதன் மேல் கனமாக இருந்தது.

"கொஞ்சம் விடுங்களேன்" என்றாள். மறுபடி இழுத்தாள். ஊசி வழுக்கி ஆழமாக இறங்கியது.

அவர் பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். தைத்து எழும்போது எப்போதும் செய்வதுபோல், ஊசியைத் தலையணை ஓரத்தில் குத்தினாள். அதன் பிறகுதான் கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் தகனமெல்லாம் முடிந்தது. அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஒருவர், யாரும் கேட்காமலே, அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்து லிஃப்டின் கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். இவர் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்த வேலை.

எல்லோரும் கிளம்பிய பிறகு கொழுந்தன் டயரைக் கையில் எடுத்தார். வேறு டயர் போட்டுக்கொள்ளலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஓட்டினால் இதில்தான் ஓட்டுவேன், இல்லையென்றால் பந்தயமே வேண்டாம் என்றார். அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம்.

"தம்பி, கடைசித் தையல்ல ஊசி உள்ள போயிடுச்சோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தையலின் மேல் துணிப்பட்டையை ஒட்டினார். பசை போடாமல் வெறும் சக்கரத்தில் டயரை மாட்டி, காற்றடித்து, பால்கனிச் சுவரில் சாய்த்து வைத்தார். காலையில் பார்ப்போம் என்று சோபாவில் படுத்துக்கொண்டார்.

காலையில் டயர் சற்றே இளகியிருந்தது.

கொழுந்தன் அமுக்கினார். சுழற்றி மறுபடி அமுக்கினார். "இந்த ட்யூப் ஓட்டையே இல்லாட்டியும் ராத்திரில கொஞ்சம் காத்து விடும், அண்ணி. அது இதோட குணம். எவ்வளவு விடலாம்னு அண்ணன்தான் அமுக்கிப் பாத்துச் சொல்லுவான். எனக்கு அந்தக் கை கிடையாது."

கீழே இறங்கும் மலைச்சாலையை அவள் பார்த்திருக்கிறாள். வளைவு மேல் வளைவு.

பந்தயம் ஓட்டிய நாட்களில் அவர் காலையில் பால்கனியில் டயரை அமுக்கிப் பார்த்த கையோடு நேராக அடுக்களைக்கு வருவார். அவள் கையைப் பிடிப்பார். பாதி மூடச் சொல்லி, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையை அமுக்குவார். "இவ்வளவுதான் இருக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போவார். கொஞ்சலா, சோதனையா என்று அவள் கேட்டதில்லை. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். கையை உதறிக்கொள்வாள்.

அவள் சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். டயரை அமுக்கினாள். பிறகு இடது கையைப் பாதி மூடி, அந்தச் சதையை வலது கட்டைவிரலால் அமுக்கினாள். மறுபடி டயர். மறுபடி கை. கடைசித் தையல் போட்ட இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். கொழுந்தன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதான் இருக்கணும்" என்றாள். "பசையைப் போடுங்க. நாளைக்குள்ள காயணும்ல?"

கொழுந்தன் பசை டப்பாவைத் தேடி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் அறைக்குப் போனாள். படுக்கையை யாரோ பாதி சுருட்டி வைத்திருந்தார்கள். உறையைத் துவைக்கலாம் என்று அவர் தலையணையை எடுத்தாள். ஓரத்தில் ஊசி இருந்தது, கடித்த நூலின் துண்டு தொங்கியபடி.

அவள் அதைப் பிடுங்கவில்லை. படுக்கையைப் பிரித்துப் போட்டு, தலையில் குத்தாமல் ஊசி சுவர்ப் பக்கம் இருக்கும்படி தலையணையைத் திருப்பி வைத்தாள்.