இரண்டு மில்லிமீட்டர் குழாய்

என் மனைவியின் நாக்கில் பாதியைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டு, அவளுடைய இடது முன்கையிலிருந்து ஒரு துண்டுத் தோலை வெட்டி அங்கே வைத்துத் தைத்தார்கள். முதலில் சொன்னபோது நான் நம்பவே இல்லை.

"கைத் தோலு வாய்க்குள்ள எப்படி டாக்டர் உயிரோட இருக்கும்?"

சர்ஜன் ஒல்லியான அம்மா. காகிதத்தில் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். "ஒரு குழாய் ரத்தத்தைக் கொண்டு வரும். இன்னொண்ணு திருப்பிக் கொண்டு போகும். ரெண்டையும் கழுத்துல இருக்கிற ரத்தக்குழாயோட இணைச்சிடுவோம். ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்."

நான் முப்பது வருடமாகப் பிளம்பர். அரை இஞ்ச் குழாயையே கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாலு வசவு வைதுகொண்டு இணைக்கிறவன். இரண்டு மில்லிமீட்டர் என்றதும் அந்த அம்மாவின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் கைதான் என்னுடையது, வாய் அவளுடையது. வீட்டுக்காரர்கள் போன் செய்வது அவளுக்குத்தான். நான் கோபித்துக்கொண்டு பாதியில் விட்டுவந்த வேலையை எல்லாம் அவள் பேசியே மீட்டுவிடுவாள். என்னையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். அந்தத் துண்டு பிழைத்தால்தான் அவள் மறுபடி பேசுவதும் சாப்பிடுவதும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். செத்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

பத்து மணி நேர ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டு ஒரு டியூப் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஈரக் காற்று வருகிற மாஸ்க். மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். தோலின் நிறத்தைக் குறித்துக்கொள்வாள். சில நேரம் ஊசி முனையால் லேசாகக் குத்துவாள். சிவப்பாக ஒரு சொட்டு மெதுவாக வந்தால் நல்லது.

இரண்டாம் நாள் மதியம் என்னை உள்ளே உட்கார விட்டார்கள். "எதையும் தொடாதீங்கண்ணா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் காதில் விழுந்தது அந்தச் சத்தம். மாஸ்க்கின் பட்டை தொளதொளவென்று கிடந்தது. ஓரத்தில் 'உஸ்' என்று காற்று போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் முத்து முத்தாகக் கழுத்தில் சொட்டியது. கசிவைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? என்ன வேலை பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பட்டையை இழுத்து, காதுக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டேன். சத்தம் நின்றது. கச்சிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து டார்ச் அடித்தாள். அவள் முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். காலையில் ரோஜா நிறத்தில் இருந்த துண்டு கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா நிறத்தில் உப்பிக் கிடந்தது. ஊசியால் தொட்டதும் கறுப்பு ரத்தம் குபுக்கென்று வந்தது. மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அவள் போனுக்கு ஓடினாள்.

பத்தே நிமிடத்தில் சர்ஜன் வந்தார். "ரத்தம் உள்ள வருது, வெளிய போகல. வெயின் அடைச்சிருக்கு. உடனே திறக்கணும். இருமினாங்களா? தலையைத் திருப்பினாங்களா? ஏதாவது நடந்துச்சா?"

எந்த வீட்டில் எது ஒழுகினாலும், எனக்கு முன்னால் வேலை பார்த்தவன்மேல் பழி போட்டுத்தான் எனக்குப் பழக்கம். நர்ஸைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தும் விட்டேன். பாவம், அந்தப் பெண் கட்டிலை நகர்த்தப் பக்கக் கம்பிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். சர்ஜன் பக்கம் திரும்பினேன்.

"நான்தான் டாக்டர். காத்து கசியுதுன்னு பட்டையை இறுக்கிட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"முக்கா மணி நேரம்."

"முடிச்சு எங்க விழுந்துச்சு?"

தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட இருந்தவர்களிடம், "நம்ம இணைப்பு அங்கதான். முதல்ல அதைத் திறப்போம்" என்றார். கட்டில் போய்விட்டது.

நாலு மணி நேரம். அந்த நாற்காலியில் நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அட பாவி, சாகிற வரைக்கும் நீ இதைச் சுமக்கணும் என்று என்னையே வைதுகொண்டிருந்தேன்.

வெளியே வந்த சர்ஜனின் நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு இருந்தது. "உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா இருந்துச்சு, எடுத்தாச்சு. வெயின்ல கெட்டுப்போன பகுதியை வெட்டிட்டு, கால்லருந்து சின்னதா ஒரு வெயின் எடுத்து நடுவுல வச்சுத் தைச்சோம். தைச்சு விட்டதும் நிறம் திரும்புச்சு. எங்க கண்ணு முன்னாடியே திரும்புச்சு."

எத்தனை முறை செய்திருப்பார்! இருந்தும் அதைச் சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் தழைந்தது.

"என்னாலதானே டாக்டர்?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. யாரும் தொடாமலேயும் அடைக்கும். ஆனா நீங்க சொன்னதால நேரா அங்க போனோம். இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு."

மறுநாள் நர்ஸ் டார்ச் அடித்தபோது என்னையும் பார்க்கச் சொன்னாள். ரோஜா நிறம். அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் இஸ்திரிப் பெட்டி பட்டு அவள் கையில் வந்த தழும்பு அது. இப்போது நாக்கில் இருந்தது! ஊசி குத்தியதும் அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு சொட்டு மெல்ல எழுந்து நின்றது. என்னால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்றைக்கே அவளிடம் ஒத்துக்கொண்டேன். "நான்தாம்மா இறுக்கினேன். அதனாலதான் மறுபடி கத்தி வைக்க வேண்டியதாப் போச்சு." அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். எழுதிக்காட்ட நோட்டு பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. அதற்கப்புறம் மாத்திரை, ஜன்னல், தலையணை எல்லாம் எழுதினாள். இதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் விழுங்கும் பயிற்சி தருகிற பெண் ஒரு கிண்ணத்தில் நீலத் தண்ணீரோடு வந்தாள். தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போனால் கழுத்து டியூப்பில் நீலம் வருமாம். "அண்ணா, டியூப் பக்கம் டார்ச் புடிங்க."

கசிவு பார்க்க நானும் குழாயில் சாயம் கலந்து விடுகிறவன்தான். இவ்வளவு பயந்து ஒரு குழாயைப் பார்த்ததில்லை. என் மனைவி ஸ்பூனை வாங்கினாள். வாய் மூடியது. அந்தக் கைத்தோலும் மிச்ச நாக்கும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளின. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. டியூப் வெள்ளையாகவே இருந்தது. இருமச் சொன்னாள் அந்தப் பெண். இருமினாள். நீலம் வரவில்லை.

"அருமைக்கா! டியூப்பை விரலால மூடிட்டு ஏதாவது பேசுங்க."

அவள் விரலை வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள். குரல் கரகரத்தது, நாக்கு குழறியது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"அன்னிக்கு முழிச்சுத்தான் இருந்தேன். ரொம்ப இறுக்கமா இருந்துச்சு."

"பெல்லை அழுத்தியிருக்கலாமே!" என்று கத்திவிட்டேன். "பக்கத்துலதானே இருந்துச்சு?"

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விரலை வைத்தாள்.

"நீங்க கட்டினதாச்சே. சரியாத்தான் இருக்கும்னு பொறுத்துக்கிட்டேன்."

டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. பயிற்சிப் பெண் அடுத்த ஸ்பூனை நீட்டினாள். என் மனைவி என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, தானே தன் கழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.