முன்சந்திப்பில் சொன்னது

நிருஷா என்ன படிக்கிறாள் என்பது அவளுடைய வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்காக விளங்கவில்லை. சொந்தக்காரர் கேட்டால் அம்மா "லோ படிக்கிறாள்" என்று சொல்லி முடித்துவிடுவார். அது சட்டப் படிப்பு இல்லை, நீதிக் கல்வி என்று நிருஷா நூறு தரம் திருத்தியிருப்பாள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் படிக்கிறார். ஒரு பிணக்கு எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் முறுகுகிறது, நீதிமன்றப் படி ஏறாமல் அதை எப்படி அவிழ்க்கலாம் என்பதை அவள் படிக்கிறாள். இதைச் சொல்லத் தொடங்கினாலே, மொன்ட்ரியாலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருந்த அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும்.

இளங்கலையும் முதுகலையும் ஒன்றாகச் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு அது. தனித்தனியாகப் படித்தால் ஆறு வருடம் பிடிக்கும். நான்காம் வருடத்தில் எடுக்கும் சில முதுகலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் சேர்ந்து கணக்காகும், அதனால்தான் ஒரு வருடம் மிச்சம். அந்தப் பாடங்களில் பெரியது களப்பயிற்சி. அதில் தேறினால் ஐந்தாம் வருடத்துக்குள் நேரே போகலாம். தவறினால் இளங்கலைப் பட்டத்தோடு வெளியே வந்து, முதுகலைக்குப் புதிதாக வரிசையில் நிற்கவேண்டும். அவளுடைய பிரிவில் போன வருடம் அப்படி வரிசையில் நின்ற மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது.

நிருஷாவுக்குக் களப்பயிற்சி நகரின் மறுமுனையில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே இருந்த மத்தியஸ்த நிலையத்தில் அமைந்தது. பொறுப்பாளர் அக்னெஸ் ஒரு கியூபெக்காரி; முப்பது வருடமாக அயலவர் சண்டைகளைத் தீர்த்துவைப்பவர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஜனவரியில் ஒரு தமிழ்க் கோப்பு வந்தபோது, "நீ நடத்து, நான் பக்கத்தில் இருப்பேன்" என்று நிருஷாவின் கையில் கொடுத்தார்.

சிவநேசம் என்பவருக்கு அருகிலேயே நான்கு வீடுள்ள கட்டடம் ஒன்று சொந்தம். அதில் ஒரு மேல்வீட்டில் இமெல்டா தன் மகளோடு ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறார். ஜூன் முடிவில் ஒப்பந்தம் தீரும்போது அந்த வீட்டைத் தன் மகள் துஷாந்தினிக்கு எடுக்கப்போவதாகச் சிவநேசம் கடிதம் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் தன் பிள்ளைக்காக அப்படி வீட்டைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால், வீட்டுக்காரர்தான் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய், உண்மையாகவே பிள்ளைக்குத்தான் என்று நிறுவவேண்டும். ஆகவே குடியிருப்பவருக்குப் பலம் அந்த ஒரு "மாட்டேன்"தான்.

மத்தியஸ்தம் நேரே மேசையில் தொடங்குவதில்லை. அதற்கு முன் இரண்டு தரப்பையும் வேறு வேறு நாளில் தனித்தனியாகச் சந்திப்பார்கள். அதுதான் முன்சந்திப்பு. மேசையில் ஆட்கள் தங்கள் வீம்பைச் சொல்வார்கள். முன்சந்திப்பில் பயத்தைச் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுவைத்திருப்பவர் மத்தியஸ்தர் ஒருவர்தான். ஒரு தரப்பு சொன்னது மறு தரப்புக்குப் போகக்கூடாது. போனால் மத்தியஸ்தம் என்று ஒன்று இல்லை, வெறும் பேரம்தான்.

இமெல்டா முன்சந்திப்புக்கு வேலை உடுப்போடு வந்தார். முதியோர் இல்லத்தில் சமையல் பகுதி.

"இஞ்ச சொல்லுறது இந்த அறைக்குள்ளயே இருக்குமோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. அதுக்கு நான் கையெழுத்து வச்சிருக்கிறன்."

இமெல்டா கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு வருடம். அந்த ஒரு வருடம் மட்டும் போதும். ஆனால் தீர்ப்பாயத்துக்கு மட்டும் தன்னால் போகமுடியாது. அகதி விசாரணையில் தம்பி செத்த திகதியைக் கேட்டார்கள். அவருக்கு அது வாயில் வரவில்லை. மூன்று தரம் கேட்டார்கள். "பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டினம். திரும்பவும் அப்பிடி ஒரு மேசைக்கு முன்னால என்னை இருத்தினா, நான் வீட்டை விட்டிட்டே போயிடுவன்."

இரண்டு நாள் கழித்துச் சிவநேசம் வந்தார். மரியாதையான மனிதர். "மகள் ஒரு வருசம் எங்களோடயே இருக்கலாம், பிள்ளை," என்றார். "அந்த மனுசி ட்ரிபுனல் அது இது எண்டு இழுத்தா எனக்கும் அலைச்சல்தானே. கேட்டா விட்டுக்குடுப்பன்."

அன்று நிருஷாவுக்குக் கால் தரையில் படவில்லை. ஒருவருக்கு ஒரு வருடம் வேண்டும். மற்றவர் ஒரு வருடம் தரத் தயார். இருவருக்கும் அது தெரியாது. புத்தகத்தில் படமாகப் பார்த்தது உயிரோடு முன்னால் நிற்கிறது.

கீழே அண்ணன் கஜீவனின் கார் நின்றது. அவனுக்கு விமான நிலையத்தில் வேலை. இந்தப் பக்கம் வருவது அவனுக்குச் சுற்றுவழிதான். ஆனாலும் கோப்பு வந்த கிழமையிலிருந்து, "மெட்ரோவும் பஸ்ஸும் எண்டு ஒண்டரை மணித்தியாலம் ஏன் அலையிறாய்?" என்று தானே வந்து ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது படிப்பைப் பற்றியும் கேட்டான். வீட்டில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்.

"உங்கட கோட்டில சுத்தியல் அடிப்பினமோ?"

"கோடில்லை அண்ணை. மேசை ஒண்டு, கதிரை நாலு, டிஷூப் பெட்டி ஒண்டு."

"டிஷூ ஆருக்கு, உனக்கோ?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே விளக்கினாள். பெயர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கவேண்டும், ஆனால் தீர்ப்பாயம் என்றால் நடுக்கம். முந்தி ஒரு விசாரணையில் திகதி மறந்துபோன கதை. மற்ற ஆள் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் பயந்துதான் ஒரு வருடம் விடத் தயார். "பாத்தியோ, ரெண்டும் எப்பிடிப் பொருந்துது எண்டு?"

"அப்ப அந்த முதலாவது ஆள் கடைசிவரைக்கும் ட்ரிபுனலுக்குப் போகாது?"

"போகாது. அது மற்ற ஆளுக்குத் தெரியாது, அதுதான் இதிலயிருக்கிற விசயமே."

"நல்லாத்தான் படிக்கிறாய்," என்றான் கஜீவன். அந்தச் சொல்லை அவள் வீடுவரைக்கும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை, செவ்வாய் பின்னேரம், எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். அக்னெஸ் ஓரத்தில் குறிப்பேட்டோடு இருந்தார். நிருஷா ஒழுங்குகளை விளக்கிவிட்டு, முதலில் இமெல்டாவைப் பேசச் சொன்னாள். இமெல்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருடம் வேண்டும் என்று கேட்டார்.

சிவநேசம் அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"தங்கச்சி, வருசம் ஒண்டும் பொறுக்கேலாது. நீங்கள் மாட்டன் எண்டா நான் ட்ரிபுனலுக்கே எழுதிப்போடுறன். அங்க மேசைக்கு முன்னால இருத்தித் திகதி திகதியாக் கேப்பினம். உங்களுக்கு அது சரிவராது தானே?"

இமெல்டா அவரைப் பார்க்கவில்லை. நிருஷாவைப் பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை அது. எப்போதோ எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்ததைப் பார்ப்பதுபோல.

அக்னெஸ் பேனையை உயர்த்தி, என்ன சொன்னார் என்று கேட்டார். "தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்கிறார்," என்றாள் நிருஷா பிரெஞ்சில். பத்து நிமிடம் இடைவேளை கேட்டுக்கொண்டு, குளிர்ச்சட்டை கூடப் போடாமல் படியிறங்கினாள். இமெல்டா முன்சந்திப்பில் சொன்னதை அவள் வெளியே சொன்னது உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான்.

கார் வழக்கத்தைவிட முந்தியே வந்து நின்றது.

"சிவநேசம் அங்கிளை உனக்கு எப்பிடித் தெரியும்?"

கஜீவன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். "ஏறு, குளிருது."

"சொல்லு அண்ணை."

"துஷாந்தினியும் நானும் ரெண்டு வருசமாப் பழகுறம். ஓகஸ்ட்டில கலியாணம். அந்த மேல்வீடு எங்களுக்குத்தான். அம்மாக்குப் பேந்து சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"ரெண்டு பக்கத்தையும் எனக்குத் தெரியாது, ஒரு தொடர்பும் இல்லை எண்டு நான் கையெழுத்து வச்சனான்."

"உண்மைதானே. உனக்குத் தெரியாதுதானே. அதுக்குத்தான் சொல்லேல்லை."

கதவைப் பிடித்திருந்த கை அவளுக்கு விறைத்துப்போயிருந்தது. அவன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. முன்சந்திப்பு எண்டா என்ன. எழுதி வைப்பினமோ. மற்ற ஆளுக்குத் தெரியவருமோ. அவள் மணிக்கணக்காக, பொறுமையாக, உதாரணம் சொல்லி விளக்கியிருந்தாள். அவன் பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தான். அவள் திறப்பின் பல்லை ஒவ்வொன்றாக வரைந்து காட்டியிருந்தாள்.

"சுத்திவந்து ஏத்தினது இதுக்குத்தானோ?"

அவன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான். "முதல் ரெண்டு நாள் சும்மா தான்," என்றான். பிறகு, "நிரு, யோசிச்சுப் பார். நீ பேர் சொல்லேல்லை. அந்த வெள்ளைக்காரிக்குத் தமிழ் தெரியாது. அந்த மனுசி பிரெஞ்சில முறைப்பாடு சொல்லப்போறதும் இல்லை. நீ மேல போய் இதைச் சொன்னா உன்ர படிப்புத்தான் போகும். எங்களுக்கு ஒண்டும் வராது."

அவன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. பொறிமுறை முழுவதையும் அவன் சரியாக விளங்கிவைத்திருந்தான். அவள் கற்றுக்கொடுத்ததுதானே.

நிருஷா கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு மேலே போனாள்.

சிவநேசத்தை வெளி அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, அக்னெஸிடம் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்னது, யாருக்குச் சொன்னது, அவன் யார். முடிந்ததும் அக்னெஸ் குறிப்பேட்டை மூடினார். கோப்பை இத்தோடு முடிக்கவேண்டும், பல்கலைக்கழகத்துக்கும் எழுதவேண்டும் என்றார். "களப்பயிற்சி இதைத் தாண்டாது, தெரியும்தானே," என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பிறகு அதையே தமிழில் இமெல்டாவுக்குச் சொன்னாள். தமிழில் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?" என்று கேட்டார் இமெல்டா.

"ஒராளுக்கு."

"ஒராள் காணும்." "என்ர மகளுக்குக்கூட நான் அந்தக் கதை சொன்னதில்லை. இண்டைக்கு வீட்டுக்காரற்ற வாயில கேட்டன்."

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இனி மத்தியஸ்தமும் இல்லை, என்ன?"

"இல்லை."

"அப்ப ஒண்டில் வீட்டைக் குடுக்கவேணும், இல்லாட்டி அந்த மேசைக்குப் போகவேணும்."

நிருஷா தலையாட்டினாள். பழக்கம் விடவில்லை. "நீங்கள் மாட்டன் எண்டு எழுதிக் குடுத்தா, நிரூபிக்கவேண்டியது அவர்தான், நீங்களில்லை. அதாவது..."

"எனக்கு விளங்கும், பிள்ளை. நீங்கள் விளங்கப்படுத்த வேண்டாம். கடதாசி ஒண்டு தாங்கோ."

நிருஷா வெள்ளைத் தாளும் பேனையும் கொடுத்தாள். இமெல்டா பிரெஞ்சில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு சொல்லாக எழுதினார். வீட்டை விட மாட்டேன் என்று ஒரே ஒரு வரி. அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. கையெழுத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

வாங்குவதற்கு நிருஷா கையை நீட்டினாள். இமெல்டா எழுந்து மேசையைச் சுற்றிப் போய், தாளை அக்னெஸிடம் கொடுத்தார்.