புறா ஆர்க்கிட் பூத்த அன்று

காலையில் கதவைத் திறந்ததுமே வாசனை ரஹ்மத் பீவியின் முகத்தில் வந்து மோதியது. காரிடார் கம்பியில் தொங்கிய சட்டியில் புறா ஆர்க்கிட் கொள்ளையாகப் பூத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, பறக்கக் கிளம்பிய புறாக்கூட்டம் மாதிரி.

அவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை.

"கல்நெஞ்சுக்காரி" என்றாள்.

திட்டு வாங்கியவள் தங்கை கதீஜா. முன்பு ஒரு புயல் மழையில் சாலையோரத்து மரக்கிளை முறிந்து விழுந்தபோது, அதில் ஒட்டியிருந்த செடியை அக்காளும் தங்கையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் செடிக்கு மண் ஆகாது. சட்டியில் கரித்துண்டு போட்டு, வேரில் காற்றுப் படும்படி தொங்கவிட வேண்டும். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பெருமழை கொட்டி ஊரே குளிர்ந்தால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் பூக்கும். தேக்காவில் அக்காள் வீட்டில் பூத்தால் அன்றைக்கே புக்கிட் மேராவில் தங்கை வீட்டிலும் பூக்கும். பொழுது சாய்ந்தால் பூவும் சாய்ந்துவிடும்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கதீஜா செடியைத்தான் போய்ப் பார்ப்பாள். உடனே அக்காளுக்குப் போன் வரும். "லாத்தா, பூத்துடுச்சு! கதவைத் திறந்து பாருங்க!" அன்று பகல் முழுவதும் இருவரும் யாராவது ஒருத்தி வீட்டில், பூவுக்குக் கீழே நாற்காலி போட்டு, தேத்தண்ணி குடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

எல்லாம் நான்கு வருடத்துக்கு முன்பு, கதீஜா மகள் யும்னாவின் நிக்காஹ் வரைக்கும்தான். "மாப்பிள்ளைக்கு நெத்தி எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே" என்று ரஹ்மத் பீவி பந்தியில் சொன்ன சொல் சம்பந்தியம்மாள் காதில் விழுந்தது. கதீஜா எல்லார் முன்னாலும் அக்காளைக் கடிந்துகொண்டாள். அதோடு பேச்சு நின்றது.

அதன்பிறகு எத்தனையோ மழை. எத்தனையோ முறை பூத்தது. ஒவ்வொரு முறையும் ரஹ்மத் பீவி கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் வீட்டிலும் இன்றைக்குத்தானே பூத்திருக்கும்? பார்த்துவிட்டும் சும்மா இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

இந்த முறையும் பூத்த அன்று காலை தேக்கா மார்க்கெட்டில், மீன்கடை முன்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். யும்னா.

"பெரியம்மா! மெலிஞ்சு போயிட்டீங்களே."

"உன் மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" தயங்கித்தான் கேட்டாள்.

"அவரா? மொட்டையே போட்டுட்டாரு. சீப்பு வாங்குற வேலை மிச்சம்னு சொல்றாரு." யும்னா சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "பெரியம்மா, நாங்க இந்த நாட்டை விட்டே பெர்த்துக்கு மாறிப் போறோம். அடுத்த வாரம் ஃபிளைட். உம்மாவும் எங்களோடதான்."

ரஹ்மத் பீவியின் கையிலிருந்த பை கனத்தது.

"செடியை என்ன பண்ணப் போறா?"

"அங்க செடியெல்லாம் உள்ள விடமாட்டாங்க லா. அது பூக்கவே மாட்டேங்குது. என் நிக்காஹ் முடிஞ்சு தஞ்சோங் பகார் வீட்டுக்கு மாறி வந்ததுல இருந்து ஒரு பூ இல்ல. காத்துல சட்டி விழுந்துடும்னு உம்மா கண்ணாடிக்கு உள்ளேயே வச்சிருக்காங்க, ஏர்கான் பக்கத்துல. என் செடிதான் பூக்கல, லாத்தா செடி பூத்தா கூப்பிடுவாங்கன்னு மழை பெய்யும்போதெல்லாம் சொல்வாங்க."

மழைக்குளிர் படாத செடிக்கு நாள் எப்படித் தெரியும்? செடியைப் பற்றி எல்லாம் அறிந்தவள் ரஹ்மத் பீவி. இந்த ஒன்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இன்னைக்குப் பூத்திருக்கு" என்றாள்.

"உண்மையாவா? உம்மாகிட்ட சொல்றேன்!"

"நீ சொல்லாதே. நானே போன் பண்றேன்." யும்னா வீட்டு விலாசத்தையும் பெரியம்மாவின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தங்கையின் எண்ணை எடுத்தாள். முதல் வார்த்தை என்ன சொல்வது? மன்னிப்பா, பூவா? 'இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா' என்று கேட்டுவிட்டால்? மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பேசலாம் என்றிருந்தாள். பிறகு சாப்பிட்டுவிட்டு. அப்புறம் மாலை அஸர் தொழுகை முடியட்டும் என்றாள். மூத்தவள்தானே நான் என்று ஒரு மனம் முறுக்கிக்கொண்டது. மூத்தவள் என்பதால்தானே நீ கூப்பிட வேண்டும் என்றது இன்னொன்று.

காரிடாரில் வெயில் மஞ்சளானபோதுதான் பதறி எழுந்தாள். சட்டியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு தஞ்சோங் பகாருக்குப் பஸ் ஏறினாள். அலுவலகம் விடும் நேரம். ஒவ்வொரு விளக்கிலும் பஸ் நின்றது. மடியில் இருந்த பையைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கதீஜாதான் கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது.

"லாத்தா."

ரஹ்மத் பீவி பையை நீட்டினாள். கதீஜா சட்டியை வெளியே எடுத்தாள். பூக்கள் எல்லாம் நனைந்த காகிதம் போல் சுருண்டு தொங்கின. அவள் அதில் மூக்கை வைத்து வெகுநேரம் முகர்ந்தாள்.

"கொஞ்சூண்டு இருக்கு லாத்தா, வாசனை" என்றாள்.

"காலையிலயே தெரியும்டி எனக்கு. காலையிலயே கூப்பிட்டிருக்கணும்."

கதீஜா அக்காளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவில், கண்ணாடியோரம், அவளுடைய செடி இலை மினுங்க நின்றிருந்தது. தூசிகூட இல்லை. தினம் துடைத்திருக்கிறாள்.

"இதையும் நீங்களே கொண்டு போங்க. உங்க காரிடார்ல பூக்கும்."

"பூத்தா போன் பண்றேன்."

"போன்ல வாசனை வராதே" என்று கதீஜா சிரிக்கப் பார்த்தாள். பிறகு சுருண்ட பூ ஒன்றை விரலால் பிரித்தபடியே கேட்டாள். "காலையில எப்படி இருந்துச்சு லாத்தா? கம்பி முழுக்க பூத்திருந்துச்சா? சொல்லுங்களேன்."

ரஹ்மத் பீவி நினைவுபடுத்திப் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ இருந்தது. அவ்வளவுதான். பகல் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தது கைப்பேசியை.

"நிறைய" என்றாள். "நிறைய பூத்திருந்துச்சு கதீஜா."