ஃபில்டர் கழுவும் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துவிட்டு சந்தேகம் சார் நின்றார். எங்கள் சோதனைக்கூடத்தின் மூத்த பரிசோதகர். எதை நீட்டினாலும் "சந்தேகமா இருக்கே" என்பார். அதனால் வந்த பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவருக்கு எல்லாம் தெரியும்.

"ஆஸ்பத்திரி வார்டுல ரெண்டு மெஷின் நின்னுபோச்சு. நேத்து போட்ட சாஃப்ட்வேர் புது வெர்ஷன்தான். விசிறி நின்னிருக்கு, அலாரம் அடிக்கல. நர்ஸ் பக்கத்துலயே இருந்ததால நோயாளிங்க தப்பிச்சாங்க," என்றார்.

நாங்கள் செய்வது மூச்சு மெஷின். தானாக மூச்சிழுக்கத் தெம்பில்லாதவர்களுக்கு, ஒரு சின்ன விசிறி முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும். மெஷினுக்குள் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் அதன் அடிப்படை மென்பொருளான கர்னல், அந்தக் கர்னலில் விசிறியோடு பேசுவதற்கென்றே டிரைவர் என்ற ஒரு சின்ன புரோகிராம். அந்த டிரைவர் என் பொறுப்பு. ஐந்து வருடமாக நான்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

'அலாரம் அடிக்கல' என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விசிறி நிற்கலாம், எந்த மெஷினும் ஒரு நாள் நிற்கும். நின்றதைச் சொல்லாமல் நிற்பதற்குப் பெயர் வேறு.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றை சாரிடம் சொல்லவில்லை. புது வெர்ஷன் ஆஸ்பத்திரியைத் தவிரப் பதினொரு வீடுகளுக்குத்தான் போயிருந்தது. அதில் ஏழாவது வீடு என் அண்ணனுடையது. தசை நோய். மெஷின் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்கமாட்டான். அவனைப் பட்டியலில் சேர்த்ததே நான்தான். தங்கச்சி செய்தது முதலில் அண்ணனுக்குப் போகட்டுமே என்ற பெருமை. அந்தப் பெருமையில் இடி விழ.

அண்ணிக்கு போன் போட்டேன்.

"நல்லா தூங்குறாரு. ஏன்டி இந்த நேரத்துல?" என்றாள் அண்ணி.

"மெஷின் ஓடுதா அண்ணி?"

"ஓடாம? என்ன விஷயம்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

வைத்துவிட்டேன். காரணம் தெரியாமல் அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் டிரைவரில் தப்பு இருக்கும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

"பழைய வெர்ஷனையே எல்லாருக்கும் திருப்பி அனுப்பிடலாமே?" என்றார் சார்.

"அதைப் போட மெஷினை நிறுத்தணும் சார். தப்பே இல்லாம எதுக்கு நிறுத்தணும்? ஒரு மணி நேரம் குடுங்க."

என் மேசையில் ஒரு மெஷின் எப்போதும் உண்டு. புது வெர்ஷனை ஏற்றி, ரீஸ்டார்ட் என்று தட்டி, கால் மணி நேரம் ஓடவிட்டேன். ஓடியது. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி கால் மணி. ஓடியது. காற்றை அடைத்துப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், வேகத்தை ஏற்றி இறக்கினேன். தலைகீழாய் நின்றாலும் விசிறி நிற்கவில்லை. கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது.

"என் மேசையில நல்லாத்தான் சார் ஓடுது," என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது, சொன்ன பிறகு எல்லோரும் அசடு வழிவது.

சார் மெஷினைச் சுற்றி வந்தார். "ஒவ்வொரு தடவையும் எப்படி ஆஃப் பண்ணீங்க?"

"ரீஸ்டார்ட் குடுத்தேன்."

"அப்ப ஆஃப் பண்ணவே இல்லைன்னு சொல்லுங்க."

ஒயரைப் பிடுங்கினார். பேட்டரியையும் கழற்றி மேசையில் வைத்தார். வாய்விட்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினார். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்தினார். மணி இரண்டு நாற்பத்தெட்டு. விசிறி எப்போதும்போல் ஓடியது. நான் அவரைப் பார்த்தேன், அவர் மெஷினைப் பார்த்தார்.

ஒன்பதாவது நிமிடம் விசிறி நின்றது. சத்தமே இல்லை. திரையில் மட்டும் பச்சை எழுத்தில் 'ஓடுகிறது' என்று இருந்தது.

புரிந்துவிட்டது. ரீஸ்டார்ட் கொடுத்தால் கர்னல்தான் புதிதாகத் தொடங்கும். விசிறியை ஓட்டும் சிப்புக்கு மின்சாரம் நிற்பதேயில்லை, முன்பு கேட்டதை நினைவில் வைத்திருக்கும். முழுசாக அணைத்துப் போட்டால்தான் அது வெறுமையாக எழும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நான் அதை எழுப்பவேயில்லை. தூங்காத ஆளைத் தட்டித் தட்டி, "எழுந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

புது வெர்ஷனில் அந்த டிரைவரைத் தொட்ட மாற்றங்கள் மூன்று. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு வரி போயிருந்தது: சிப் எழுந்ததும் இருபது மில்லி விநாடி பொறுத்திருக்கச் சொன்ன வரி. 'தேவையில்லாத காத்திருப்பு நீக்கப்பட்டது' என்று குறிப்பு வேறு. கீழே என் பெயர்.

கண் விழிக்காத சிப்பிடம் கட்டளையைச் சொன்னால் அது பாதியைத்தான் வாங்கும். ஒன்பது நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். கேட்டால் பழைய வேகத்தையே திருப்பிச் சொல்லும். டிரைவர் அதை நம்பும். அலாரம் ஏன் அடிக்கப்போகிறது?

"அப்ப முழுசா ஆஃப் பண்ணாதவரைக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் சார். "ஆஸ்பத்திரியில நோயாளி மாறும்போது முழுசா ஆஃப் பண்ணுவாங்க. வீட்டுல யாரு பண்ணப்போறாங்க?"

அப்போதுதான் எனக்குக் காற்றை வடிகட்டும் ஃபில்டர் நினைவுக்கு வந்தது. வாரம் ஒருமுறை ஃபில்டர் கழுவ வேண்டும். அதற்கு முழுசாகத்தான் அணைக்க வேண்டும். அந்தக் கையேட்டு வாக்கியத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டியவளே நான். அந்த ஐந்து நிமிடமும் கையால் அழுத்தும் காற்றுப் பையை வைத்து மூச்சுக் கொடுப்பாள். அவள் கழுவும் நேரம் வெள்ளிக்கிழமை மூன்று மணி. அண்ணி கடிகாரத்தைவிடச் சரியான ஆள்.

மணி மூன்று ஒன்று.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் எடுக்கவில்லை. ஒரு கையில் ஃபில்டர், ஒரு கையில் பை, எப்படி எடுப்பாள்? சார் பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டு மற்றப் பத்து வீடுகளுக்கும் வரிசையாக போன் போட ஆரம்பித்தார். ஒரு கையால் பழைய வெர்ஷனை எல்லோருக்கும் அனுப்பத் தயார் செய்தபடி, இன்னொரு கையால் அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வாய்விட்டு வேண்டிக்கொண்டேன் என்று பிறகு சார் சொன்னார். எனக்கு நினைவில்லை.

மூன்று பதிமூன்றுக்கு எடுத்தாள்.

"என்னடி விடாம அடிக்கிறே? இப்பத்தான் கழுவி மாட்டினேன்."

"எப்ப ஆன் பண்ணீங்க?"

"ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அவரைச் சரியாப் படுக்க வச்சுட்டு இப்பத்தான் வந்தேன்."

"அண்ணி, முகமூடியைக் கழட்டுங்க. பையை வைங்க. இப்பவே."

"சத்தம் நல்லாத்தானே கேக்குது..."

"கழட்டுங்க அண்ணி!"

போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கோ வைக்கும் சத்தம். பிறகு பையின் புஸ், புஸ். அதற்குப் பின்னால் விசிறியின் இரைச்சல், நான் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இரைச்சல், போனில் மெல்லியதாக.

அது நின்றது.

அலாரம் இல்லை. பை மட்டும் புஸ், புஸ் என்றது.

"அய்யோ, நின்னுபோச்சுடி," என்றாள் அண்ணி, ரொம்ப மெதுவாக. "அடிக்கவே இல்லையே."

"பையை விடாதீங்க. நான் பழசை அனுப்புறேன். நாலு நிமிஷம்."

நாலு நிமிடமும் அண்ணி எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஏற்றி முடிந்ததும் நான் அவசரத்தில் "ரீஸ்டார்ட்" என்று சொல்லப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முழுசா ஆஃப் பண்ணுங்க. பேட்டரியையும் கழட்டுங்க. பத்து எண்ணிட்டுப் போடுங்க."

"ஒரு கையாலயா?"

"ஒரு கையாலதான் அண்ணி. பை நிக்கக் கூடாது."

கழற்றினாள். மாட்டினாள். விசிறி வந்தது. ஆனால் பையை எடுக்க நான் விடவில்லை. ஒன்பது நிமிடம் போனது, பத்து போனது, பதினைந்து போனது. அதற்குப் பிறகுதான் முகமூடியைப் போடச் சொன்னேன். அவள் கை வீங்கியிருக்கும். சார் தன் பட்டியலைக் காட்டினார்: பத்துக்குப் பத்து, யாரும் அணைக்கவில்லை, எல்லோரும் சுகம். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேசையில் கிடந்த பேட்டரியைத் துடைப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மதியம் சும்மாத்தான் கேட்டேன்னே," என்றாள் அண்ணி.

"பொய் சொன்னேன் அண்ணி. அந்த வரியை எடுத்ததும் நான்தான். அண்ணன் பேரைப் பட்டியல்ல போட்டதும் நான்தான். இனி எந்தப் புது வெர்ஷனும் அங்க முதல்ல வராது. சத்தியமா."

போன் கைமாறியது. முகமூடிக்குள்ளிருந்து, விசிறி விடும் இடைவெளிகளில், அண்ணனின் குரல் வந்தது.

"பூச்சி."

சின்ன வயசிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நான் புரோகிராம் எழுதப் போனதும், அதில் வரும் தப்புக்கும் இங்கிலீஷில் 'பக்', அதாவது பூச்சி என்றுதான் பெயர் என்பதால், பெயர் பொருத்தம் பிரமாதம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன்.

"சொல்லுண்ணா."

"பட்டியல்லேருந்து... என் பேரை... எடுக்காதே."

"ஏண்ணா?"

"மத்தவங்களுக்குன்னா..." ஒரு மூச்சு. "சும்மாத்தான் கேட்டேன்னு... விட்டிருப்பே."