மூன்றாவது முறையில் ஓர் அழைப்பு

அந்த வசந்த காலத்தில், துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பொறியியல் கல்லூரியில் நாங்கள் குரலைச் சுருக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வைஃபை நலிந்து, இணைய அழைப்பின் துண்டுகள் வழியில் தொலையும்போது எந்த முறை தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபது பேர் பதிவுகளைக் கேட்டு, ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டார்கள்.

எல்லோரும் ஒன்று போட்ட முதல் முறைக்கு, கல்லூரி உணவகத்தில் சமைக்கும் மப்ரூக்கா மட்டும் ஐந்து போட்டிருந்தாள்.

"அக்கா, தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. இதுக்கா அஞ்சு?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் குரல் அப்படித்தான் வரும், ரவ்தா. ஆறு வருஷமா கேக்கறேன். அதப் போய் குறை சொல்லுவேனா?"

அவள் கணவர் பஷீர் இத்தாலியின் ஜெனோவாவில் கப்பல்களுக்கு வர்ணம் அடிப்பவர். அவர் தங்கும் விடுதியில் பதினோரு பேருக்கு ஒரே வைஃபை. அவள் மதிப்பெண்ணை நீக்கிவிடச் சொன்னார் பேராசிரியர். எனக்கு மனம் வரவில்லை. அவள் போனில் எங்கள் சோதனைச் செயலியை ஏற்றி, அவள் மூலம் பஷீருக்கும் அதன் இணைப்பை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியம், ஸ்பீக்கரைப் போட்டு, அதிக மதிப்பெண் வாங்கிய மூன்றாவது முறையில் அழைத்தோம்.

"கேக்குதா?" என்றார் பஷீர்.

மப்ரூக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "யா ரப்பி, என் ஆண்டவனே! பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குங்க."

நான் நழுவப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டை விடவில்லை. அப்போது அவர் இருமினார். வறட்டு இருமல், நீளமாக.

"இது எப்ப இருந்து?"

"எது?"

"இருமல்."

"குளிர்காலத்துல இருந்து. நீ ஒரு தடவகூட கேக்கல. சரி, கவலப்பட வேணாம்னு நானும் சொல்லல."

எனக்கு உறைத்தது. அவர்கள் இதுவரை பேசிய செயலியில் இருந்த முதல் முறை பேச்சை மட்டும்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். இருமலை இரைச்சல் என்று கழித்துவிடும்.

"எனக்குக் கேக்கவே இல்லீங்க," என்றாள். "வர்ணம் அடிக்கறப்ப முகமூடி போடறீங்களா?"

"போடறேன், போடறேன்."

"பொய். சொல்றதுக்கு முன்னாடி மூச்ச இழுத்தீங்க. இப்ப அதுவும் கேக்குது."

"எந்தப் புண்ணியவதி இத உன் போன்ல ஏத்துனா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

திங்கட்கிழமை மருத்துவரிடம் போனார். மூச்சுக்குழாயில் அழற்சி, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் மோசமாகியிருக்கும் என்றாராம் மருத்துவர். கப்பல் பட்டறையில் அவரை வர்ண வேலையிலிருந்து கயிறு, சங்கிலி வேலைக்கு மாற்றினார்கள்.

ஜூனில் பஷீர் ஊருக்கு வந்தார். மீன் போட்ட கூஸ்கூஸ் ரவைச்சோறு சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடியும்வரை இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவர் மூச்சுக்குக் காதுகொடுத்தபடி, முள் நீக்கிய மீனை அவர் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள் மப்ரூக்கா.