கழுவினால் போகிற நாடா

உலகநாதன் விற்றுக்கொண்டிருந்த சரக்கை அவரே பார்த்ததில்லை. அவர்மேல் குற்றமும் இல்லை. சரக்கின் அகலம் ஒரு நானோமீட்டர். முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்த ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் துறைத் தலைவர். சரக்கின் பெயர் கிராஃபீன் நாடா. திட்டத் தொடக்க விழா அழைப்பிதழில் 'நானோ நாடா' என்று அச்சடித்துவிட்டார்கள். வந்திருந்த ஊராட்சித் தலைவர், பைஜாமாவுக்கா என்று மரியாதையாக விசாரித்தார்.

நாடா செய்வது பிரிசில்லாவின் வேலை. கருங்குழியிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவள். செய்முறை கேட்பதற்கு எளிது. தலைமுடியை ஐம்பதாயிரமாக வகிர்ந்தால் வருகிற தடிமனில் கார்பன் குழாய்கள் இருக்கின்றன. பார்க்கக் கறுப்புப் பொடி. குழாய்களின் முனைகள் மூடியிருக்கும். காற்றில் சூடாக்கினால் வாய் திறக்கும். பிறகு கொரோனின் என்கிற மஞ்சள் பொடியைச் சேர்த்து, காற்றை உறிஞ்சிய சிமிழில் அடைத்து உலையில் வைக்க வேண்டும். பொடி ஆவியாகிக் குழாய்க்குள் நுழையும். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் காலை ஷிஃப்டுக்கு ஏறியவர்களைப் போல, திரும்ப இடமில்லாமல் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இன்னும் சூடேற்றினால் ஒட்டிக்கொண்டு நாடாவாகும். ஆனதா இல்லையா என்பதை லேசர் கருவி வரைகிற கோட்டில் ஒரு முகடு சொல்லும்.

எட்டு மாதமாக முகடு வரவில்லை. அக்டோபர் கடைசியில் நிபுணர் குழு வருகிறது. அன்றைக்குக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் திட்டம் மூடப்படும். பிரிசில்லாவின் வேலையும் அதோடு போகும். இதை உலகநாதன், அவள் மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறையோடு, வாரம் ஒரு முறை சொல்லிவந்தார்.

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து வந்து அடுத்த சிமிழை வைத்தாள். முகடு வந்தது. முகடா அது, கோபுரம். உலகநாதன் லட்டு வரவழைத்தார்.

பிரிசில்லாவுக்கு லட்டு இறங்கவில்லை. கேட்டதற்கு மேல் அள்ளிப் போடுகிற கடைக்காரனைப் பார்த்தால் யாருக்கும் தராசின் மேல்தான் கண் போகும். அதே குழாய்களை, மஞ்சள் பொடி சேர்க்காமலே சூடாக்கிப் பார்த்தாள். அதே கோபுரம்.

ஆய்வக உதவியாளர் தனகோடியைப் பிடித்தாள். வாய் திறந்த குழாய்களை உலைக்குள் ஆற வைத்துவிட்டு, மூடாமல் லீவுக்குப் போனது பிரிசில்லாதான்.

"அண்ணா, பூஜை அன்னிக்கு உலை தொறந்தா இருந்துச்சு?"

"ஆமாம்மா. உள்ள ஏதோ கரித்தூள் வச்சிட்டுப் போயிருந்தியே."

"சாம்பிராணி போட்டீங்களா?"

"இன்னாம்மா கேள்வி இது? எல்லா மிஷினுக்கும் மூணு சுத்து. இதுக்கு மட்டும் பத்து நிமிசம் உள்ள வுட்டுக் காட்டினேன். எட்டு மாசமா சண்டித்தனம் பண்ணிக்கினு இருந்துச்சே. இப்ப எப்டி கீது பாரு."

கொரோனின் வகைப் பொருள்களுக்குப் பாடப்புத்தகத்தில் நறுமணச் சேர்மங்கள் என்று பெயர். எந்த மூக்கு வைத்த பெயரோ, கொரோனினுக்கு மணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நிஜமாகவே மணக்கிற ஒன்று இப்போதுதான் முதன்முதலாக உலைக்குள் போயிருந்தது.

புகை குழாய்க்குள் போய் நாடாவானதா, வெளியே பிசுக்காகப் படிந்ததா? டொலுவீன் என்கிற கரைப்பானில் கழுவினால் தெரியும். வெளியே ஒட்டியது போய்விடும், உள்ளே இருப்பது நிற்கும். கழுவினாள். கோபுரம் தரைமட்டமானது.

"கழுவினா போயிடுச்சு சார்" என்றாள்.

உலகநாதன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்ப ஏம்மா கழுவின?"

"சார்?"

"கழுவாதது மிச்சம் இருக்கில்ல, அதைக் காட்டுவோம். அவங்க பார்க்கப்போறது கோடு. கோட்டுல எங்க இருக்கு புகை? உனக்கு ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன், நான் பொறுப்பு."

"கழுவினீங்களான்னு கேட்டா?"

"மதியம் வஞ்சிரம் வறுவல் சொல்லியிருக்கேன். சாப்பிட்டுட்டு ஏசியில உக்காந்தா எவன் கேப்பான்?"

அக்டோபர் கடைசியில் வந்த குழுவில் ஒருவர் சைவம். அதனால் விழித்திருந்தார்.

"வாஷ் பண்ணீங்களா?"

"பண்ணாம இருப்போமா சார்" என்றார் உலகநாதன். அது பொய்கூட இல்லை.

"பண்ணின பிறகு எடுத்த கோடு எங்கே?"

உலகநாதன் பிரிசில்லாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு வருடம் இருந்தது. பிரிசில்லா எழுந்தாள்.

"பண்ணின பிறகு ஒண்ணும் இல்ல சார். இது நாடா இல்ல, சாம்பிராணி." உலையை மூடாமல் போனது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சைவக்காரர் கழுவி ஊற்றப்போகிறார் என்று அறையே காத்திருந்தது. உலகநாதன் முந்திக்கொண்டார். ஒரு புடவை பிடிக்கவில்லை என்றதும் அடுத்ததை விரிக்கிற வேகம்.

"அதைத்தான் சார் நான் சொல்ல வந்தேன். நம்ம பாரம்பரியப் புகை. அதுல இருந்து நாடா. உலகத்துல எவனும் தொடாத ஏரியா."

பாரம்பரியம் என்ற சொல் கேட்டதும் குழுத் தலைவர் கண்விழித்து அதைக் குறித்துக்கொண்டார். கண்விழித்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். சைவக்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார்.

"செய்யுங்க. ஆனா அந்தப் பொண்ணு இருக்கணும். இந்த இடத்துல கழுவுறதுக்கு ஒரு ஆளாவது வேணும்."

மறுவாரம் இரண்டு வருட நீட்டிப்பு ஆணை தயாரானது. சாம்பிராணியில் இரண்டு வருடம். பிரிசில்லா கையெழுத்துப் போடாமல், கழுவாத எதையும் அளப்பதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

"சரி, லேசா ஒரு தடவை அலசினா போதும்ல?" என்றார் உலகநாதன்.

"மூணு தடவை சார்."

"ரெண்டு."

"நாலு."

அவர் அவசரமாகப் பேனாவைத் திறந்து 'மூன்று' என்று எழுதினார். பிரிசில்லா அதன் கீழே கையெழுத்திட்டாள்.